கூட்டெழுத்தும் தனிவரைவும்: ஒரு வரலாற்று நோக்கு

பலர் கூடி ஒரே பிரதியை எழுத உதவும் கணனி முறைகளை ஆராய்வோர், அவற்றின் பொதுமைப் பண்பையே பெரிதும் வியந்துரைப்பர். எழுதுபவர் இன்னும் வெளியிட விரும்பாத வரைவு எங்கே, யார் கையில் இருக்கிறது என்னும் வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே எமது நோக்கமாகும்.

தொடக்ககால ஆய்வாளர் இப்பிரச்சினையை அறியாதவரல்லர். ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் எல்லிஸ், கிப்ஸ் ஆகியோர் உருவாக்கி, 1989 இல் தமது ஆய்வுரையில் விவரித்த 'குரோவ்' என்னும் தொகுப்பி, ஒரே வேளையிற் பலர் எழுத இடமளித்தது. தனி, பகிர்வு, பொது என மூவகைப் பார்வைகள் அதில் அமைந்திருந்தன. தனிப்பார்வையில் உள்ளதை அதற்குரியவர் மட்டுமே வாசிக்கலாம். கூட்டுழைப்பும் தனிவரைவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அன்றே உணரப்பட்டிருந்தது எனலாம்.

1995 இல் வார்ட் கன்னிங்ஹாம் தொடக்கிய விக்கி முறையும், 2001 இல் தோன்றிய விக்கிப்பீடியாவும் வேறு வழியிற் சென்றன. அங்கே 'சேமி' என்னும் பொத்தானே எல்லைக்கோடாயிருந்தது. அதனை அழுத்துமுன் எழுத்து உலாவியின் சாளரத்தில் மட்டுமே வாழ்ந்தது. மின்சாரம் தடைப்பட்டால் அழிந்துவிடும் நிலை இருந்தது. அழுத்தியபின் அது உலகறிந்த பதிவாகிவிடும். இடைநிலை எதுவுமில்லை. பயனரின் மணல்தொட்டியும், 2013 இல் ஆங்கில விக்கிப்பீடியா ஏற்படுத்திய வரைவுப் பகுதியும் முற்றுப்பெறாத எழுத்துக்கு இடமளித்தன. ஆயின் அவையும் எவரும் வாசிக்கத்தக்கனவே.

வணிக நிறுவனங்கள் இக்குறையை மற்றொரு வகையில் நீக்கின. 2006 இல் 'றைட்லி'யை வாங்கிய கூகிள், அதிலிருந்து வளர்த்த தொகுப்பியில் எழுத்து தானாகவே நிறுவனத்தின் வழங்கியிற் சேமிக்கப்படுகிறது. 2010 இன் புதிய அமைப்பில், ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் உடனுக்குடன் ஏனையோர் திரையிலே தோன்றலாயிற்று. தொகுக்கும் உரிமையுள்ளோர் பழைய பதிப்புகளையும் புரட்டிப் பார்க்கலாம். இழப்பின் அச்சம் நீங்கியது. உடன் தனிமையும் நீங்கியது. மேலதிகாரியும் ஊழியரும், ஆசிரியரும் மாணவரும் ஒரே ஏட்டில் எழுதும்போது, எல்லாரும் எல்லாவற்றையும் காண்பது சமத்துவமாகாது. தயங்கி எழுதி அழித்த வாக்கியம் வலியோனிலும் மெலியோனையே பாதிக்கும்.

அண்மைக்காலத்தில் விக்கி மென்பொருளிற் சேர்ந்த மீட்பு வசதி, வெளியிடாத எழுத்தை எழுதுபவரின் உலாவியிலேயே காத்துவைக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் சொந்தக் கணனி இல்லாது, நூலகத்திலோ பொது நிலையத்திலோ எழுதுபவருக்கு இதனால் விளையும் பயன் சிறிது.

பேணுதல் வேறு, வெளியிடுதல் வேறு. இரண்டையும் ஒரே பொத்தானில் இணைத்ததும், பின்னர் அப்பொத்தானையே அகற்றியதும் தொழினுட்பத்தின் தவிர்க்கவியலா நியதிகளல்ல; மனிதர் செய்த தெரிவுகளே. தெரிவுகளாதலின் அவை மாற்றத்தக்கன. தவறிழைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் தனியிடம் உள்ளவனே பொதுவிடத்துக்கு அச்சமின்றி வருவான் என்பது எமது கருத்தாகும்.