சுமை அவிழ்ந்த இடத்து ஆனந்தம்

ஆனந்தம் என்னும் சொல்லைக் கேட்டவளவில், துன்பமெல்லாம் தீர்ந்தபின் மறுமையிற் கிடைக்கும் பேறு என்றே நம்மவரிற் பலர் கருதுகின்றனர். தோட்டத் தொழிலாளியை நோக்கி, "இங்கே பொறுத்திரு, அங்கே மகிழ்வாய்" என்று உபதேசிப்பது சமயங்களின் தந்திரமென்று சீர்திருத்தக்காரர் கண்டிப்பதும் இதுபற்றியே. அக்கண்டனம் பலவிடத்தும் பொருந்தும். ஆயினும் கிறிஸ்து சமயத்தார் அச்சொல்லுக்குக் கொண்ட பொருள் அவ்வளவுதானோ?

கி.பி. 400-ஐ ஒட்டித் தம் வரலாற்றை எழுதிய அகஸ்தீனார், உண்மையைப் பற்றி எழும் மகிழ்ச்சியே நல்வாழ்வு என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ், மகிழ்ச்சி தனியொரு அறமன்று, அன்பின் விளைவே என வகுத்தார். நிறைவு மறுமையில் என்பதே இருவர் கொள்கையும், தொடக்கமோ இம்மையிலேயே.

இதனைக் கதையாக்கியவர் ஓட்டைப் பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்த ஜான் பனியன். அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டுச் சிறையிலிருந்தவர். பிரசங்கத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருப்பின் விடுதலை பெற்றிருப்பார், சொல்லவில்லை. 1678-இல் வெளிவந்த அவர் நூலின் யாத்திரிகன், சிலுவையருகே வந்ததும் முதுகுச் சுமை அவிழ்ந்து வீழ, மகிழ்ச்சியால் மும்முறை துள்ளுகின்றான். பள்ளிக்கூடத்தில் இதனை ஆங்கிலப் பாடமாக உருப்போட்ட காலத்து எனக்கு ஒரு துள்ளலும் உண்டாகவில்லை. ஈஜோக் வட்டாரத்தில் செம்பனை மிகுவதற்குமுன், பால்வாளிகளைத் தோளிற் காவிய பாட்டிமார், நிறுவைக் கொட்டகையில் அவற்றை இறக்கிவைத்து நிமிர்ந்த கதையைக் கேட்ட பின்னரே அது விளங்கிற்று.

ஒன்று கவனிக்கத்தக்கது. அத்துள்ளல் பயணத்தின் முடிவில் நிகழ்வதன்று. கடின மலையும், மாயச் சந்தையும், நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் சிறையும் அதற்கப்பாலே வருகின்றன. ஆதலின் அவ்வானந்தம் நடந்ததற்குக் கூலியன்று, நடப்பதற்குரிய வலிமை.

இக்கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). நெல்லைச் சீமைக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். முன்னோர் நெறியை விட்டு ஒருவர் வெளியேறுவது அந்நாளில் எளிய காரியமோ? (வெளியேறியவரைச் சாதி விடாது பின்தொடர்ந்து திருச்சபைக்குள்ளும் புகுந்த வரலாறு வேறு.) நெறியை விட்டவர் தமிழை விடவில்லை. கம்பனிடம் கற்ற விருத்தங்களைக் கொண்டே, 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார்.

அக்காப்பியத்தின் இடையிடையே அவர் பக்திப் பாடல்களை அமைத்து, அவற்றிற்குத் தேவாரம் எனப் பெயரிட்டார். வைணவராய்ப் பிறந்து கிறிஸ்தவரானவர் சைவர் சொல்லைக் கூசாமல் எடுத்துக்கொண்டார்! அப்பாடல்களை நூலின் ஈற்றில் மங்களமாகச் சேர்த்திருக்கலாம். அவ்வாறு செய்யாது, மேடும் பள்ளமுமான வழியின் நடுவிலேயே வைத்தார்.