உருளை, ஆலு, தக்காளி

ஒரகடம் பக்கத்து மெஸ்களில் ஒரே கிழங்குக்கு இரண்டு பெயர். பரிமாறுகிறவருக்கு அது உருளைக்கிழங்கு. பீகாரிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த பையனுக்கு ஆலு. இரண்டில் தமிழ்ப் பெயர்தான் புதுசு. உருண்டையாக இருந்தது, உருளை ஆயிற்று. மலையாளத்தார் சொல்லும் உருளக்கிழங்ஙும் இதே பிறப்பு. ஆலு பழைய சொல். வடமொழியில் வேறு கிழங்குகளைக் குறித்து வந்தது, தென்னமெரிக்கக் கிழங்கு வந்ததும் அதற்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது.

நம் பக்கம் அப்படி இடம் மாறிய சொல் தக்காளி. முன்பு அது வேலியோரத்துச் சிறுதக்காளிக்கும் மணத்தக்காளிக்கும் உரியது. கப்பலில் வந்த சிவப்புப் பழத்தைச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். காலப்போக்கில் சீமை உதிர்ந்தது. இன்று அடைமொழியோடு நிற்பது உள்ளூர்ச் செடிதான்!

பெயர் வைத்தவர்கள் உறவைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள். கத்தரி, சுண்டை, தூதுவளை, மணத்தக்காளி, தக்காளி, உருளை எல்லாவற்றையும் தாவரவியல் 'சொலானம்' என்ற ஒரே பேரினத்தில் வைக்கிறது. உருளையின் நஞ்சுக்குச் 'சோலனின்' என்று பெயர் வந்ததும் அங்கிருந்துதான். 1820 வாக்கில் டெஃபோஸ் என்ற பிரெஞ்சு மருந்தாளர் அதை முதலில் பிரித்தெடுத்தது உருளையிலிருந்து அல்ல, மணத்தக்காளி இனத்துப் பழத்திலிருந்து. வாய்ப்புண்ணுக்கு நாம் கீரை கடைந்து தருகிற அதே கூட்டம். உருளையிலும் அது இருப்பது பிறகுதான் தெரிந்தது. கூடவே சாக்கோனின் என்ற இன்னொன்றும்.

பூச்சியையும் பூஞ்சணத்தையும் தடுக்கச் செடி தனக்காகச் செய்துகொள்வது இது. வெளிச்சம் பட்டாலும், அடிபட்டாலும், முளைவிட்டாலும் கிழங்கில் ஏறும். தோலின் பச்சை வெறும் பச்சையம், அதனால் கேடில்லை; ஆனால் அதே வெளிச்சம் நஞ்சையும் கூட்டியிருக்கும் என்பதற்கு அடையாளம். கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போனால் உண்ணத் தகாது என்பது பொதுவாக ஏற்ற வரம்பு. வேகவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பழி எண்ணெய் மேலோ பழைய சோற்றின் மேலோ விழும். லண்டன் பள்ளி ஒன்றில் விடுமுறைக்கு முன்பிருந்தே கிடந்த கிழங்கைச் சமைத்துத் தந்ததில் 78 மாணவர்கள் படுத்தார்கள். 17 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

நூறு பேருக்குச் சமைக்கிற விடுதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மூட்டையை ஜன்னலோரம் அவிழ்த்துக் கொட்டாதீர்கள், இருட்டில் காற்றோட்டமாக வையுங்கள். முளையையும் பச்சையையும் ஆழமாகச் சீவுங்கள். கிழங்கு முழுக்கப் பச்சை ஓடியிருந்தாலோ, வாயில் வைத்ததும் கசந்தாலோ, விலையைப் பார்க்காமல் குப்பையில் போடுங்கள்.