இரண்டாம் பந்திக்குப் போன காளான் சக்கை

காளான் சமைக்கும் வீடுகளில் தவறாமல் குப்பைக்குப் போவது அதன் காம்பு. பட்டன் காளானின் காம்பையாவது பொடியாக நறுக்கிப் போட்டுவிடலாம். சிப்பிக் காளான் கொத்தின் அடிக்கட்டையும், ஷிடாக்கே என்னும் ஜப்பானியக் காளானின் காம்பும் அப்படியல்ல. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் ரப்பர் மாதிரியே இருக்கும். காளானின் செல் சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. இறால், நண்டு ஓடுகளில் இருப்பதும் இதுவேதான். காய்கறி வேகவைத்தால் குழைவது போல் இது குழையாது.

ஆனால் மெல்ல முடியாதது வேறு, ருசி இல்லாதது வேறு. முருங்கைக்காயின் சக்கையை யாரும் விழுங்குவதில்லை. அதற்காக அதைச் சாம்பாரில் போடாமல் விடுகிறோமா?

முற்றிய காளானிலிருந்து ருசியை மட்டும் பிரித்தெடுத்துப் புட்டியில் அடைத்து, அதை வைத்தே ஆண்டு முழுவதும் சமைத்த ஒரு நாடு உண்டு. அது இங்கிலாந்து. அந்தச் சாற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் கெட்சப்.

கெட்சப் என்றால் இன்று நமக்குத் தக்காளிதான் நினைவுக்கு வரும். தக்காளி அந்தப் பெயருக்குள் நுழைந்தது வெகு பின்னால்தான். அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மீஸ் என்ற மருத்துவர் தக்காளி கெட்சப் செய்முறையை அச்சில் வெளியிட்டது 1812இல். அந்தச் சொல்லோ தென்சீனக் கடற்கரையின் ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அங்கே அது உப்பில் ஊறிய மீனின் சாற்றைக் குறித்தது. கிழக்கே வியாபாரம் செய்யப் போன ஆங்கிலேயர்கள் அதை ருசி பார்த்து மயங்கினார்கள். சார்லஸ் லாக்கியர் என்ற வணிகர் 1711இல் வெளியிட்ட நூலில், சிறந்த கெட்சப் டோங்கினிலிருந்து, அதாவது இன்றைய வட வியட்நாமிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறார். நல்ல லாபம் தரும் சரக்கு என்றும் சொல்கிறார்.

அவ்வளவு தூரத்திலிருந்து வரும் சரக்கு எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகுமா? ஆங்கிலேயப் பெண்கள் தங்கள் ஊரில் கிடைத்ததைக் கொண்டு அதே ருசியை உண்டாக்கப் பார்த்தார்கள். நெத்திலி போன்ற ஆங்கோவி மீன், சிப்பி, பச்சை வால்நட் காய் என்று பலவற்றையும் முயன்றார்கள். அவற்றில் நிலைத்து நின்றவற்றுள் முக்கியமானது காளான்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய சமையல் நூல்களை இணையத்தில் தேடிப் படிப்பது என் பொழுதுபோக்குகளில் ஒன்று. ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி 1747இல் வெளியிட்ட சமையல் நூல் அவற்றில் மிகப் புகழ்பெற்றது. குடை முழுக்க விரிந்த பெரிய காளான்களைத்தான் கெட்சப்புக்கு எடுக்கச் சொல்கிறார் அவர். மண்ணையும் வைக்கோலையும் நீக்கிவிட்டு, அகன்ற மண்சட்டியில் பரப்பி, உப்பைத் தாராளமாகத் தூவி மறுநாள் காலைவரை விட வேண்டுமாம். நம் வீட்டில் ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் போட்டு வைப்பதேதான். காளானில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உப்பு அதை வெளியே இழுத்துவிடும், தண்ணீரோடு ருசியும் இறங்கிவிடும்.

அதே நூலில் கப்பல் தலைவர்களுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. இருபது ஆண்டு கெடாத கெட்சப் ஒன்றை அதில் சொல்கிறார். நாள்பட்ட பீர், ஆங்கோவி, சிறு வெங்காய வகை, ஜாதிபத்திரி, கிராம்பு, மிளகு, இஞ்சி, இவற்றோடு விரிந்த காளான். இந்தியப் பக்கம் வரும் கப்பலிலும் இதை எடுத்துச் செல்லலாம் என்கிறார். கிழக்கிலிருந்து போன ஒரு ருசி, கிழக்கிலிருந்து போன மிளகையும் கிராம்பையும் சேர்த்துக்கொண்டு, இங்கிலாந்துக் காளானில் ஊறிக் கிழக்கு நோக்கியே திரும்பியிருக்கிறது!

எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் கிச்சினர். வசதியான மனிதர். தொலைநோக்கி, சங்கீதம், சமையல் மூன்றிலும் பித்துப் பிடித்தவர். 1817இல் அவர் எழுதிய சமையல் நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அவர் முறையில் காளானை உப்பிட்டு, பிசைந்து, இரண்டு நாள் வைத்து, மிளகும் ஆல்ஸ்பைஸும் சேர்த்து ஜாடியில் அடைத்து, கொதிநீருக்குள் அந்த ஜாடியை வைத்து வேகவிட வேண்டும். பிறகு சாற்றைச் சல்லடையில் வடிகட்ட வேண்டும். பிழியக் கூடாது, அதுதான் முக்கியம். பிழிந்தால் சாறு கலங்கிவிடும். தெளிந்த சாறு எஜமானின் மேசைக்கு.

அப்படியானால் சல்லடையில் தங்கிய சக்கை? அதற்கும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார் கிச்சினர். அதைப் பிழிந்தால் வரும் சாறு சமையல்காரிக்குரிய உரிமை, அதை அவளிடமிருந்து பறிக்காதீர்கள் என்கிறார். அது இரண்டாம் பந்திக்கு, அதாவது வேலைக்காரர்கள் உண்ணும் பந்திக்குக் குழம்பாகும். இல்லையென்றால் வீணாய்ப் போயிருக்கும் பொருளில் அவள் ஒரு நல்ல சாப்பாட்டையே ஒப்பேற்றிவிடுவாள். பிழிந்தபின் மிஞ்சும் சக்கையையும் அனலில் உலர்த்திப் பொடியாக்கி வைக்கச் சொல்கிறார்.

இரண்டாம் பந்தி என்ற சொல்லைப் படித்ததும் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். நம் கூட்டுக் குடும்பங்களில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் யார், அவர்கள் இலையில் என்ன மிஞ்சியிருந்தது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீர்க்கங்காய்த் தோல் துவையலும் வாழைக்காய்த் தோல் பொரியலும் வெறும் சிக்கனத்தால் மட்டும் பிறந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் பந்தி முடிந்தபின் தங்களுக்கும் ருசியாக ஏதாவது வேண்டும் என்று நினைத்த பெண்களின் கைவண்ணம் அதில் இருக்க வேண்டும். கிச்சினர் வீட்டுச் சமையல்காரியும் அவர்கள் இனம்தான்.

இனி இதன் மறுபக்கம். கிச்சினர் நூல் வந்து மூன்றே ஆண்டில், 1820இல், லண்டனில் வசித்த ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெடரிக் ஆக்கம் உணவுக் கலப்படம் பற்றி ஒரு நூல் எழுதினார். கடைகளில் விற்ற கெட்சப்பையும் அவர் சோதித்துப் பார்த்திருந்தார். பலவற்றில் செம்பு கலந்திருந்தது. வினிகரைக் காய்ச்சி வடித்தபின் மிஞ்சும் கழிவு நீரில் வால்நட் காயின் பச்சைத் தோலை வேகவைத்த சாற்றைக் கலந்து, மிளகாய், வெங்காயம், உப்பு சேர்த்து கெட்சப் என்று விற்றிருக்கிறார்கள். பூச்சு இல்லாத செம்பில் புளிப்பு தங்கினால் என்ன ஆகும் என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். ஈயம் பூசாத பாத்திரத்தில் அவர்கள் புளிக்குழம்பு வைக்க மாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். சமையல்காரி பயன்படுத்தியதும் மிச்சம்தான், வியாபாரி பயன்படுத்தியதும் மிச்சம்தான். அவள் கையில் அது சாப்பாடு, இவன் கையில் விஷம். அவளுக்கு அது எதன் மிச்சம் என்று தெரியும், உண்ணப் போவதும் அவளேதான். வியாபாரி அதை உண்ணப் போவதில்லை. வாங்குபவருக்கோ புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. மிச்சம் என்பதில் இழிவில்லை, மறைப்பதில்தான் ஆபத்து.

அந்த ருசி என்ன என்பதை விஞ்ஞானம் பிறகுதான் சொன்னது. 1908இல் ஜப்பானில் இகெடா கிகுனே கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அதன் ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். காளானிலும் அது இருக்கிறது. 1957இல் குனினாகா அகிரா, குவானிலேட் என்ற பொருளும் அதே ருசியைத் தருவதைக் கண்டார். உலர்ந்த ஷிடாக்கேயில் அது நிறைய உண்டு. இரண்டும் சேர்ந்தால் ருசி பல மடங்கு கூடும். கைட்டின் கரையாவிட்டாலும் இவை தண்ணீரில் கரையும். சக்கை சட்டியில் நிற்க, ருசி சாற்றில் இறங்குவதன் ரகசியம் இவ்வளவுதான்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு: கடையில் வாங்கிய காளானின் காம்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் முளைத்தவை வேண்டாம். மண் ஒட்டிய நுனியை வெட்டிவிட்டு, கழுவி, மெல்லியதாக அரிந்து, கையால் ஒடித்தால் படக்கென்று ஒடியும்வரை வெயிலில் காய வையுங்கள். மிளகுடன் சேர்த்து மிக்ஸியில் பொடித்து, ஈரம் படாத டப்பாவில் வைக்கலாம். சூப்பிலும் குருமாவிலும் இறக்குவதற்குச் சற்று முன்பாக ஒரு தேக்கரண்டி போட்டால் போதும். காய வைக்கப் பொறுமை இல்லையென்றால் வெங்காயம், மிளகோடு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். பிழிந்தாலும் பரவாயில்லை, நம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பந்திதானே.