மாய எதார்த்தப் புதினமும் உணர்ச்சி விலகலும்

மாய எதார்த்தப் புதினங்களைப் பயில்வோர் அவற்றின்மேல் ஏற்றும் குறைகளுள் தலையாயது ஒன்று உண்டு. நடை இசைபோல் இனிக்கின்றது, நிகழ்ச்சிகள் வியப்பூட்டுகின்றன, ஆயினும் மாந்தர் நம் நெஞ்சிற்கு அணுக்கமாக வருவதில்லை என்பதே அது. இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதைக் கொலம்பிய நாட்டு ஆசிரியர் காபிரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967இல் வெளியிட்ட 'தனிமையின் நூறு ஆண்டுகள்' கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அந்நூலில் ஒரு குடும்பத்தின் பல தலைமுறையினர் வந்து போகின்றனர். முன்னோர் பெயரே பின்னோர்க்கும் மீண்டும் மீண்டும் இடப்படுதலின், பயில்வோர் ஒருவரைப் பிறராகக் கருதி மயங்குவர். ஒரு வாழ்வின் முடிவு ஓரிரு தொடர்களில் அடங்கிவிடுதலும் உண்டு. எவர்க்காகவும் ஆசிரியர் வெளிப்பட இரங்குவதில்லை. ஆதலின் விலகல் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. அஃது எங்கிருந்து வந்தது என்பதே வினா.

ஆசிரியரே ஒரு விடை தருகின்றார். அரகதாக்கா என்னும் ஊரில் தம்மை வளர்த்த பாட்டியார், நம்புதற்கரிய செய்திகளையும் முகம் மாறாது கூறுவார் என்றும், அக்குரலே தம் நூலுக்கு வழிகாட்டியது என்றும் அவர் நேர்காணல்களிற் குறிப்பிட்டுள்ளார். சொல்வோன் தானே வியந்து நின்றால் கேட்போன் ஐயுறுவான். எனவே மருட்கை அடக்கப்படுகின்றது. மருட்கையை அடக்கிய குரல் அழுகையை மட்டும் வெளியிடுதல் எங்ஙனம்?

இதனினும் ஆழ்ந்த காரணம் வரலாற்றில் உளது. 1928 திசம்பரில், யுனைடெட் புரூட் கம்பெனியின் வாழைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து சியேனாகா நகரிற் கூடியிருந்தபோது படையினர் சுட்டனர். படைத்தலைவர் கோர்த்தேஸ் வர்காஸ் தம் நூலில் இறந்தோர் 47 பேர் என்றார். ஆயிரவர்க்கு மேற்பட்டோர் எனக் கம்பெனியின் சார்பாளர் கூறியதாக 1929 சனவரியில் அமெரிக்கத் தூதர் தம் அரசுக்கு எழுதினார். இன்றும் ஆய்வாளரிடையே ஒத்த முடிவில்லை. மார்க்கேஸ் அப்போது இரண்டாண்டு நிறையாத குழவி. நேரிற் கண்டவரல்லர், முரண்பட்ட செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர்.

புதினத்தில் 3,000 பேர் மாள்கின்றனர். பிணங்களைச் சுமந்த புகைவண்டியிலிருந்து தப்பி வந்த ஹோசே அர்காதியோ செகுந்தோ கூறுவதை ஊரார் நம்பவில்லை. அதன்பின் மழை 4 ஆண்டு, 11 திங்கள், 2 நாள் பெய்கின்றது. மறுக்கப்பட்ட கொலையைக் கூறுவோன் கதறினால், ஒருசாரார் புலம்பல் என அஃது ஒதுக்கப்படும். எண்ணும் அளவும் கூறி அமைந்தால் சான்றுரையாய் நிற்கும். அதனாலேயே அழுகை பயில்வோர்க்கு விடப்பட்டது.

இம்முறைக்கு இடரும் உண்டு. 3,000 என்பது புதினத்தின் அளவிற்கேற்பத் தாம் மிகுத்துக் கூறியது என ஆசிரியரே பின்னர் உரைத்தார். ஆயினும் அது வரலாற்றுத் தொகை போலவே பலரால் எடுத்தாளப்பட்டது. பொய்யாகிய மழையையும் மெய்யாகிய கொலையையும் ஒரே குரலிற் கேட்டதன் விளைவு இது.

ஆதலின் இந்நூலின் இரக்கம் தனி மாந்தரைக் கடந்து, மறதிக்கு இரையாகிய ஓர் ஊரின்மேற் செல்கின்றது என்பது நமது துணிபு. மறைக்கப்பட்ட உண்மை ஏதுமின்றி அக்குரலை மட்டும் மேற்கொள்ளும் நூல்களுக்கு இவ்வமைதி பொருந்தாது. அங்கு விலகல் வெறும் வறட்சியே ஆகும்.