கிழக்கு என்னும் சொல்லின் நிலம்

புவிக்கு வடமுனை உண்டு, தென்முனை உண்டு. கீழ்முனை, மேல்முனை என எவையும் இல்லை. வடக்கு நோக்கிச் செல்வோன் அத்திசை முடியும் இடத்தை அடைதல் கூடும். கிழக்கு நோக்கிச் செல்வோனுக்கோ அத்திசை முடிவதே இல்லை. முனையற்ற இவ்விரு திசைகளுக்கும் மக்கள் எதனைக் கொண்டு பெயரிட்டனர் என்பது மொழி வரலாற்றில் எண்ணத்தக்க வினாவாகும்.

ஞாயிற்றைக் கொண்டு பெயரிட்டோர் பலர். கன்னடத்தில் ‘மூடண’ என்பது கதிர் தோன்றும் திசை. ‘படுவண’ என்பது கதிர் படும் திசை. தமிழரோ மண்ணைக் கொண்டு பெயரிட்டனர். ‘கீழ்’ என்பதினின்று கிழக்கும், ‘மேல்’ என்பதினின்று மேற்கும் பிறந்தன என்பர் மொழிநூலார். மேற்கு மலைத்தொடரிலிருந்து வங்கக் கடல் நோக்கிச் சரியும் நிலத்தில், காவிரியும் வையையும் பொருநையும் மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாயும் போக்கே திசையறிவாயிற்று. தஞ்சையின் மேல வீதியும் கீழ வீதியும் இன்றும் உயர்வு தாழ்வைக் குறியாமல் திசையையே குறிக்கின்றன.

மலைக்கு அப்பால் நிலைமை மாறுகிறது. கேரளத்தில் மலை நிற்பது கிழக்கே. கடல் கிடப்பது மேற்கே. ஆயினும் மலையாளிகள் ஓங்கிய மலையிருக்கும் திசையைக் ‘கிழக்கு’ என்றே வழங்குகின்றனர். மேற்கை மட்டும் ஞாயிறு படுதலைக் கொண்டு ‘படிஞ்ஞாறு’ என்கின்றனர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், இம்முரணைச் சான்றாக்கி, மலையாளிகளின் முன்னோர் கிழக்கிலிருந்து குடியேறியோர் எனக் கருதினார்.

அம்முடிவை அப்படியே ஏற்றல் இயலாது. தமிழும் மலையாளமும் பிரியாதிருந்த காலத்திலேயே அச்சொல் திசைப்பொருள் பெற்றிருப்பின், மக்கள் கூட்டமாக மலை கடவாமலே சொல் கடந்திருத்தல் கூடும். பதிற்றுப்பத்தின் சேரர் மேலைக் கடற்கரையை ஆண்டவர்களே அல்லரோ? சொல்லின் பயணம் வேறு. மக்களின் பயணம் வேறு. ‘கிழக்கு’ என்னும் சொல் தான் பிறந்த நிலத்தைக் காட்டுகிறது. அதனைப் பேசுவோர் அனைவரும் பிறந்த நிலத்தை அன்று.

காற்றின் பெயர்களிலும் இவ்வுண்மை புலனாகும். வடக்கினின்று வருவது வாடை, தெற்கினின்று வருவது தென்றல், கிழக்கினின்று வருவது கொண்டல், மேற்கினின்று வருவது கோடை. மேல்காற்றுக்கு வெப்பப் பருவத்தின் பெயர் அமைந்தது ஏன்? சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலையின் மேலைச் சரிவில் பொழிந்துவிட்டு, வறண்டு தமிழகச் சமவெளியில் இறங்குகிறது. மலைக்கு அப்பால் மழையாவதே இப்பால் கோடையாகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் திசம்பர் வரை, கீழைக் கடல் வழியே வருவது. கொண்டல் என்னும் ஒரே சொல் கீழ்காற்றையும் மேகத்தையும் குறித்தல் இங்கு எத்துணைப் பொருத்தம்!

திசைகாட்டியின் முள் எந்நாட்டார்க்கும் பொது. திசையின் பெயர் அத்தகையதன்று. அதனுள் ஒரு மலையும் ஒரு கடற்கரையும் ஒரு மழைக்காலமும் உறைகின்றன. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர் பெருமக்கள் கோடை என்றும் கொண்டல் என்றும் எழுதுங்கால், அழகிய பழஞ்சொல்லை மட்டும் ஆள்வதில்லை. மலைக்கு எப்பக்கம் நின்று பாடுகிறோம் என்பதனையும் உரைத்துவிடுகின்றனர்.