தெமர்லோ: ஒரே ஆறு, மூன்று வாழ்க்கை

ஆற்றங்கரை ஊர் என்றதும் மாணவர்களுக்கு மலாக்காதான் ஞாபகத்துக்கு வரும். பகாங் மாநிலத்தின் நடுவில் இருக்கும் தெமர்லோவையும் கொஞ்சம் பார்ப்போமே. ஓர் ஆறு ஒரே ஊருக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாகச் சோறு போட்ட கதை இது.

1. ஆறுதான் சாலை

செமந்தான் ஆறு பகாங் ஆற்றில் கலக்கும் இடத்தில் தெமர்லோ இருக்கிறது. பகாங் ஆற்றின் நீளம் சுமார் 459 கிலோமீட்டர். தீபகற்பத்திலேயே இதுதான் மிக நீளமானது. தார்ச்சாலை இல்லாத காலத்தில் காட்டுப் பொருளும் அரிசியும் படகில்தான் போய் வந்தன. அதனால் ஆற்றைக் கையில் வைத்திருந்த தலைவரே வரியும் வசூலித்தார். 1888-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் முறை வந்ததும் அந்த உரிமை பறிபோனது. செமந்தான் பகுதித் தலைவர் டத்தோ பகாமான் 1891-இல் எதிர்த்து எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தேர்வில் காரணங்களை எழுதும்போது இதை விட்டுடாதீங்க.

2. ரயில் வந்தது, ஆனால் இங்கே இல்லை

ரயில்பாதை தெமர்லோவைத் தொடாமல் பக்கத்து மெந்தகாப் வழியாகப் போனது. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கும் மெந்தகாப்தான் பெரிய ஊரானது. தெமர்லோவில் மாவட்ட அலுவலகமும் ஆற்றோரத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் நிலைத்தன. படகுப் போக்குவரத்து மெல்ல மறைந்தது.

3. மீன் கொடுத்த பெயர்

இன்று தெமர்லோவுக்கு 'பாத்தின் மீன் நகர்' என்று பெயர். பாத்தின் என்பது செதில் இல்லாத, கெளிறு இனத்தைச் சேர்ந்த மீன். புளிக்க வைத்த டுரியானான தெம்போயாக் சேர்த்துச் சமைக்கும் பாத்தின் குழம்பு பகாங்கின் அடையாள உணவு. ஆனால் ஆற்றில் தானாக வளரும் 'பாத்தின் புவா' இப்போது எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். மக்கள் கேட்கும் அளவுக்கு ஆறு தர முடியாததால், ஆற்றில் மிதவைக் கூண்டுகளும் கரையில் குளங்களும் வந்தன. கூண்டிலோ குளத்திலோ பாத்தின் தானாக இனப்பெருக்கம் செய்யாது. ஊக்கி ஊசி போட்டுத்தான் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். சாப்பாட்டுக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தாய்லாந்திலிருந்து வந்த வேறு வகைப் பாத்தின். ஆக, ஆத்து மீன் வாங்கிக் கொடுத்த பெயரை வளர்ப்பு மீன் காப்பாற்றி வருகிறது.

4. ஆபத்தும் அதே ஆற்றில்தான்

1926, 1971, 2014 ஆகிய ஆண்டுகளில் பகாங்கில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளம் வந்தால் ஆத்து மீன் வேறு இடம் போய்விடும். கூண்டு மீன் எங்கே போகும்? கூண்டு அடித்துக்கொண்டு போனால் பல மாத உழைப்பும் தீவனச் செலவும் சேர்ந்தே போய்விடும். மேலே காடு அழிந்து சேறு இறங்கினாலும், வறட்சியில் நீர்மட்டம் குறைந்தாலும் முதல் அடி வளர்ப்பவருக்குத்தான். சாலையும் ரயிலும் வந்த பிறகு ஊருக்கு ஆறு தேவையில்லை என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் முன்பு அந்த ஆற்றில் படகு போனால் போதும். இப்போது தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும்.

வகுப்பில் கலந்துரையாட:

அ) போக்குவரத்து மாற்றம் ஓர் ஊரின் பொருளாதாரத்தை எப்படி மாற்றுகிறது? தெமர்லோவையும் மெந்தகாப்பையும் ஒப்பிடுக.

ஆ) ஆற்றைப் பாதுகாப்பது தெமர்லோ மக்களின் பிழைப்போடு எவ்வாறு தொடர்புடையது? இரண்டு காரணங்கள் தருக.