காரை பேட்லேண்ட்ஸ்: கடலே இல்லாத பெரம்பலூரில் கடல் உயிரினங்கள் வந்தது எப்படி? அங்கே ஏன் ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது?

கோவளம், மாமல்லபுரம் பீச்சுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புபவர்கள் குறைவு. நாலு கிளிஞ்சல், ரெண்டு சங்காவது பாக்கெட்டில் வந்துவிடும். ஆனால் தமிழ்நாட்டில் இன்னொரு ‘கடல் தரை’ இருக்கிறது. அங்கே இந்தப் பழக்கத்தை அப்படியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதுதான் பெரம்பலூர் மாவட்டத்தின் காரை.

எங்கே இருக்கிறது?

சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டினால் பாடாலூர் வரும். அங்கிருந்து கிழக்கே போனால் காரை. இந்த ஊருக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையில், திடீரென வயல்கள் மறைந்து மொட்டை மேடுகள் தொடங்கும். செம்பழுப்பு, சாம்பல் நிறங்களில் வரிசை வரிசையாக மண் மேடுகள். நடுவே ஆள் மறையும் அளவுக்குப் பள்ளங்கள். மரம் மட்டை ரொம்பக் குறைவு. போட்டோவில் பார்த்தால் ஏதோ வெளிநாட்டுப் பாலைவனம் மாதிரியே இருக்கும். இங்கிருந்து இன்றைய கடற்கரை நேர்கோட்டில் சுமார் 100 கி.மீ. தூரம்.

‘பேட்லேண்ட்ஸ்’ என்றால் என்ன?

விவசாயத்துக்கும் நடப்பதற்கும் உதவாத, மழைநீரால் அரிக்கப்பட்ட மண் மேடுகள் நிறைந்த நிலம். அமெரிக்காவின் சவுத் டகோட்டாவில் இருக்கும் இப்படிப்பட்ட நிலத்தை, அங்குள்ள லகோட்டா பழங்குடி மக்கள் ‘மோசமான நிலம்’ என்ற பொருளில் அழைத்தார்கள். அந்தப் பெயர்தான் உலகம் முழுக்கப் பரவியது.

காரையில் இருப்பது மென்மையான களிமண் படிவு. இதில் மழைநீர் எளிதில் உள்ளே இறங்காது, மேலேயே ஓடும். ஓடும் நீர் சின்னக் கோடு போடும். கோடு வாய்க்காலாகும், வாய்க்கால் ஓடையாகும். செடி வேர் பிடிப்பதற்குள் மேல்மண் போய்விடும். மண்ணில் பளபளவென்று கண்ணாடித் தகடு போல மின்னுவது ஜிப்சம்.

கடல் இங்கே எப்படி வந்தது?

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், இந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து இந்தியா தனியாகப் பிரிந்தபோது, கிழக்குப் பக்கம் தாழ்ந்த நிலத்துக்குள் கடல் புகுந்தது. அடியில் சேறு படிந்தது. இறந்த உயிரினங்கள் அதில் புதைந்தன. பிறகு கடல் பின்வாங்கியது.

அந்தச் சேறுதான் இன்றைய காரை மேடுகள். அம்மோனைட் எனப்படும் சுருள் ஓடுகள், துப்பாக்கித் தோட்டா வடிவில் இருக்கும் பெலம்னைட்டுகள் (கணவாய் மாதிரியான உயிரினத்தின் உள் ஓடு), சுறாப் பற்கள் எல்லாம் இங்கே கிடைத்துள்ளன. 1860-களில் இந்தப் பகுதியின் படிவுகளை வகைப்படுத்திய பிளான்ஃபோர்ட், பழமையான தொகுதிக்கு வைத்தது பக்கத்து ஊரான ஊட்டத்தூரின் பெயரை. இன்றும் உலகப் புவியியல் நூல்களில் அந்தப் பெயர் இருக்கிறது.

டைனோசர் முட்டையும் இருக்கா?

2020-ல் இதே மாவட்டத்தின் குன்னம் பகுதியில் பெரிய உருண்டைகள் கிடைத்ததும், டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. அது முட்டை இல்லை, கடல் படிவு இறுகி உருவான உருண்டைகள் என்று பிறகு தெளிவானது.

ஒரு கல்லை எடுத்தால் என்ன ஆகிவிடும்?

கீழடியை நினைத்துப் பாருங்கள். எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று தெரியாத பானை ஓடு, வெறும் ஓடுதான். புதைபடிவமும் அப்படித்தான். அது இருந்த அடுக்குதான் அதன் வயதைச் சொல்லும். வீட்டு ஷோகேஸுக்குப் போனால் அந்த முகவரி அழிந்துவிடும். கரையில் அடுத்த அலை புதுக் கிளிஞ்சலைக் கொண்டு வரும். இங்கே அந்தக் கடல் இனி வராது.

2010-ல் சவுத் டகோட்டா பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் 7 வயது சிறுமி ஒரு புதைபடிவத்தைப் பார்த்தார். தொடாமல் அலுவலர்களிடம் சொன்னார். அது நீண்ட கோரைப்பற்கள் கொண்ட, அழிந்துபோன பூனை போன்ற விலங்கின் மண்டை ஓடு. சேதமில்லாமல் ஆய்வுக்குக் கிடைத்தது.

பாதுகாப்பு இருக்கிறதா?

இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் புவிப் பாரம்பரியத் தலங்கள் பட்டியலில் காரை – கொளக்காநத்தம் பகுதி இருக்கிறது. சென்னை பரங்கிமலையின் பாறையும், காரைக்கு அருகே 18 மீட்டர் நீளக் கல்மரம் உள்ள சாத்தனூரும் இதே பட்டியலில்தான். இப்படிப்பட்ட தலங்களைப் பாதுகாக்க, அபராதம், சிறைத் தண்டனை கொண்ட மசோதா வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. ஆனால் பரந்த வெட்டவெளியில் ஒவ்வொரு மேட்டுக்கும் காவல் போட முடியாது. போகிறவர்களின் கைதான் முதல் பாதுகாப்பு.

நடக்கப் போறீங்களா? கவனிக்க வேண்டியவை

• டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலை நேரம் நல்லது. நிழல் கிடையாது, தண்ணீர் கையோடு வேண்டும்.

• மழை பெய்தால் இறங்காதீர்கள். களிமண் வழுக்கும், ஓடையில் திடீரென நீர் வரும்.

• மேட்டின் விளிம்பில் நின்று செல்ஃபி வேண்டாம். அடியில் மண் அரித்திருக்கலாம்.

• பள்ளங்கள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

• பைக், ஜீப்பை மேட்டில் ஏற்ற வேண்டாம். டயர் தடமே அடுத்த மழையில் வாய்க்காலாகும்.

• புதைபடிவம் கண்ணில் பட்டால் போட்டோ எடுங்கள், லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.